69 கமேரோ: கதவு இடைவெளி ஒத்து வராமல் போனால் எங்கே பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் 1969 செவர்லே கமேரோ கூபே ஒன்றை வாங்கி, துரு தின்ற பின்பக்க குவார்ட்டர் பேனல்களை, அதாவது கதவுக்குப் பின்னால் பின் சக்கரத்தைச் சுற்றி வரும் பக்கத் தகடுகளை, இரண்டையும் வெட்டி எடுத்திருக்கிறார். இடது பக்கம் புது பேனலை வைத்து நாலைந்து இடத்தில் மட்டும் வெல்டு பிடித்தாகிவிட்டது. கதவைச் சாத்தினால் பின் விளிம்பில் மேலே அட்டைகூட நுழையவில்லை, கீழே சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. கதவின் பின்பக்கம் குவார்ட்டரைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. முன் ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேல் வரும் பக்கத் தகட்டை) மாட்டிப் பார்த்தால் அதன் மடிப்புக் கோடு கதவின் கோட்டோடு சேரவில்லை. "பேனல் மட்டமான சரக்கா? பட்டி போட்டுச் சமாளித்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

பட்டி வேண்டாம். மற்றதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை. மிச்சிகனில் வீட்டுக் கராஜில், சனி ஞாயிறுகளில், ஒரு 69 கமேரோவை முழுசாகவும் நண்பர்களின் செவெல், மஸ்டாங் ஆகியவற்றைப் பாதிப் பாதியாகவும் செய்து பழகியவன். கீழே சொல்கிற தப்புகளில் பெரும்பாலானவை நானே செய்தவை.

மூன்று அறிகுறிகள் ஒரே நேரத்தில் வந்திருப்பதால் எனக்குப் பேனல் மேல் சந்தேகம் அப்புறம்தான் வரும். வீட்டுக் கதவு நிலையில் இடித்தால் ஆசாரி உடனே இழைப்புளியை எடுப்பதில்லை; கீலைப் பார்ப்பார், நிலை சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். இங்கேயும் அதே கதைதான். கதவு, கதவு நிலை, நிலையைத் தாங்கும் அடிப்பாகம், இந்த மூன்றில் எது நகர்ந்திருக்கிறது என்று தெரியாமல் நாலாவதான பேனலை நகர்த்தினால், நாளைக்கு அடிப்பாகத்தைச் சரிசெய்யும்போது பேனலையும் மறுபடி வெட்ட வேண்டி வரும்.

கீலிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்டிரைக்கரை, அதாவது கதவின் பூட்டு வந்து கவ்வுகிற அந்தக் குமிழைக் கழற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், கதவு சொந்தமாக எங்கே நிற்கிறது என்றே தெரியாது. இப்போது கதவைப் பாதி திறந்து, பின் விளிம்பின் அடியில் கை கொடுத்து மேலே தூக்குங்கள். அடுத்தவரைக் கீல் பக்கம் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீலின் பின்னுக்கும் (நடு ஊசிக்கும்) அது சுழலும் குழல் மாதிரியான புஷ்ஷுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் மேற்கொண்டு எதையும் அளக்காதீர்கள். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆட்டம் கீலில் இருந்தால் நாலடி தள்ளிக் கதவின் வாலில் அது பல மடங்காகத் தெரியும். அந்தக் காலத்துக் கதவு கனமானது; கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் எல்லாம் ஏற்றினால் ஒரு ஆள் தனியாகத் தூக்கி மாட்டச் சிரமப்படுவார். அரை நூற்றாண்டாக அந்தக் கனத்தைத் தாங்கிய பின் தேயாமல் என்ன செய்யும்? பின், புஷ் செட் விலை மலிவு. கேட்காமல் மாற்றிவிடலாம்.

கதவு தொங்கினால் பின் விளிம்பில் மேலே நெருக்கமும் கீழே அகலமும்தான் வரும். கதவின் வால் கீழே இறங்கும்போது கதவு முழுவதும் லேசாகச் சுழல்கிறது. மேல் மூலை பின்னால் போகிறது, கீழ் மூலை முன்னால் வருகிறது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இது. ஆனால் இதே அறிகுறி இன்னொரு காரணத்தாலும் வரும், அதுதான் எனக்குப் பயம்.

வண்டியின் நடுப்பகுதி தொய்ந்திருக்கலாம். கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ராக்கர் பெட்டி துருப்பிடித்திருந்து, அதோடு குவார்ட்டரையும் வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்தில் வண்டியின் முதுகெலும்பே பாதி போன மாதிரி. இரண்டு முனையிலும் தாங்கல் இருக்க, நடு இறங்கும். நடு இறங்கினால் கதவு நிலையின் மேல் வாய் குறுகும், கீழ் வாய் விரியும். வெட்டுவதற்கு முன் கதவு நிலைக்குள் குறுக்குச் சட்டம் பிடித்தீர்களா? ஒரு அங்குலச் சதுரக் குழாயை முன் தூணிலிருந்து பின் தூணுக்கு நேராகவும் மூலைவிட்டமாகவும் வெல்டு பிடிப்பது வழக்கம். கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கதவின் முன் விளிம்பைப் பாருங்கள். ஃபெண்டரை வைத்துப் பார்க்காதீர்கள், அது தனி ஊர். ஃபெண்டரைக் கழற்றிவிட்டு, முன் தூணுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தொங்கும் கதவு என்றால் பின்னால் மேலே நெருங்கிய அளவுக்கு முன்னால் மேலே விரிந்திருக்கும். கதவு ஒரே தகடாகச் சுழன்றிருக்கிறது, அவ்வளவுதான். உடல் தொய்ந்திருந்தால் கதவு முன் தூணோடு சேர்ந்தே சாயும், அதனால் முன் இடைவெளி மேலும் கீழும் அப்படியே இருக்கும், பின்னால் மட்டும்தான் மேலே நெருக்கம் வரும். இன்னும் சந்தேகமா? ராக்கரின் நடுவே ஒரு கனமான மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். வண்டியைத் தூக்க வேண்டாம், பாரத்தை மட்டும் வாங்கினால் போதும். மேல் இடைவெளி கண்ணெதிரே திறந்தால் விடை கிடைத்துவிட்டது. அப்புறம் இரண்டு கதவு நிலையிலும் மூலைவிட்ட அளவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். வலது பக்கமும் வெட்டியிருப்பதால் அதை முழுக்க நம்ப முடியாது. இருந்தாலும் இரண்டும் வேறு வேறாக இருந்தால் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்றாவது தெரியும்.

வண்டி இப்போது எதன் மேல் நிற்கிறது என்பதும் முக்கியம். ஸ்டாண்டை என்ஜினைத் தாங்கும் முன் சட்டமான சப்ஃபிரேமின் மூக்கிலும் பின்கோடியிலும் வைத்திருந்தால், வெட்டுப்பட்ட உடல் நடுவில் தொய்வது இயற்கை. வண்டியை இரண்டு முனையிலும் பிடித்துத் திருப்பும் ரொட்டிசரியில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இடைவெளி பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வெல்டு அடிக்க அது அருமை, ஆனால் அளவெடுக்க உதவாது. வண்டி ரோட்டில் எப்படி நிற்குமோ அப்படி, பாரம் சஸ்பென்ஷனில் இறங்குகிற மாதிரி நிற்க வேண்டும். பின்பக்கம் அச்சுக்கு அடியில், முன்பக்கம் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். என்ஜின் வெளியே இருந்தால், அது இறங்கும்போது முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அசையும் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, இனி துருத்தல். கதவு வெளியே நிற்பதற்கு எளிதான காரணம் புது ரப்பர். கதவு நிலையைச் சுற்றி ஓடும் வெதர்ஸ்டிரிப் புதிதாக இருக்கும்போது கல் மாதிரி இருக்கும். அதை உருவிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். மட்டமாக உட்கார்ந்தால் குற்றவாளி ரப்பர்தான். கொஞ்ச நாள் சாத்தி வைத்தால் அமுங்கும், எவ்வளவு அமுங்கும் என்பது வாங்கிய ரப்பரைப் பொறுத்தது. ரப்பர் இல்லாமலும் துருத்தினால், குவார்ட்டர் உள்ளே தள்ளி வெல்டு ஆகியிருக்கிறது, இல்லையென்றால் கீலின் கதவுப் பக்கத்துப் போல்ட்டுகள் வெளிப்பக்கமாக நிற்கின்றன.

இந்த இடத்தில் என் கதை. என் வண்டியில் நான் ரப்பர் மாட்டாமலேயே குவார்ட்டரை வைத்து, கதவோடு கண்ணாடி மாதிரி மட்டம் பார்த்து, வரிசையாக வெல்டு அடித்து முடித்தேன். என்ன பெருமை! ஃபோன் எடுத்துப் படமெல்லாம் பிடித்தேன். ஆறு மாதம் கழித்து ரப்பரை ஒட்டிச் சாத்தினால் கதவு முக்கால் நூல் வெளியே. ரப்பரைச் சீவிப் பார்த்தேன், வேறு ரப்பர் வாங்கிப் பார்த்தேன், ஸ்டிரைக்கரை உள்ளே தள்ளிக் கதவை அடித்துச் சாத்திப் பார்த்தேன். கடைசியில் ஸ்பாட் வெல்டு டிரில்லை எடுத்து, கதவு நிலை ஓரத்தில் இருந்த ஒவ்வொரு புள்ளியையும் துளைத்து எடுத்து, பேனலை வெளியே இழுத்து மறுபடி பிடித்தேன். மூன்று வார இறுதிகள் போயின. நீங்கள் நாலைந்து புள்ளியோடு நின்றுவிட்டீர்கள், அந்த வகையில் என்னைவிடப் புத்திசாலி. அந்த நாலைந்தையும் இப்போதே துளைத்து எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு குவார்ட்டரைத் தகடு திருகாணியால் மட்டும் பிடித்து வையுங்கள். தகடுகளைத் தற்காலிகமாகக் கவ்வும் கிளீக்கோ பிடிப்பான்கள் இருந்தால் இன்னும் நல்லது. ரப்பர், ஸ்டிரைக்கர், பின் கண்ணாடிச் சட்டம், டிக்கி மூடி, பின் விளக்குப் பேனல் எல்லாவற்றையும் மாட்டுங்கள். வண்டி பெயிண்டு இல்லாமல் முழுசாக ஒருமுறை நிற்கட்டும். டிக்கி மூடி இரண்டு குவார்ட்டருக்கும் நடுவில் உட்கார வேண்டியது. இடது பக்கம் மட்டும் பார்த்துப் பார்த்து நகர்த்திவிட்டு, டிக்கியை வைக்கும்போது ஒரு பக்கம் மூன்று நூலும் மறுபக்கம் ஒன்றும் வந்தால் அழுகைதான் வரும்.

கீலின் போல்ட்டுத் துளைகள் பெரியவை, அதனால் நகர்த்த இடம் உண்டு. தூண் பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் கதவை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கதவுப் பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் உள்ளே வெளியே நகர்த்தலாம். மேலே கீழே நகர்த்த இரண்டிலுமே கொஞ்சம் இடம் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கீலையும் தளர்த்திவிடாதீர்கள். ஒரு கீலில் ஒரு போல்ட்டைப் பிடியாக விட்டு, மற்றதை லேசாகத் தளர்த்தி, மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. நகர்ந்ததா என்று பார்க்க, கீலின் ஓரத்தில் முன்கூட்டியே ஊசியால் கீறி அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எந்த வரிசையில்? பின்னாலிருந்து முன்னால். குவார்ட்டர்தான் வெல்டு ஆகி அசையாமல் நிற்கப்போகிற பேனல், அதனால் அதற்குக் கதவு பொருந்த வேண்டும், கதவுக்கு ஃபெண்டர், இரண்டு ஃபெண்டருக்கும் நடுவில் பானெட். பானெட் அழகாக இருக்கிறதே என்று முன்னாலிருந்து ஆரம்பித்தவர்கள் கடைசியில் எல்லாத் தப்பையும் குவார்ட்டரில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

இப்போது ஃபெண்டர். அது ஏன் தனி ஊர் என்றேன் என்றால், முதல் தலைமுறை கமேரோ, 1967 முதல் 69 வரை, இரண்டு துண்டு வண்டி. ஃபயர்வாலுக்கு, அதாவது என்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவருக்கு, பின்னால் இருப்பது சட்டம் இல்லாத ஒற்றைக்கூட்டு உடல். முன்னால் என்ஜினும் முன் சஸ்பென்ஷனும் ஒரு தனி சப்ஃபிரேமில் இருக்கின்றன. அந்த சப்ஃபிரேம் நான்கு இடத்தில், ரப்பர் புஷ் வைத்து, உடலோடு போல்ட்டு போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ரேடியேட்டர் தாங்கி சப்ஃபிரேமின் மூக்கில் இன்னும் இரண்டு ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும். ஃபெண்டரின் பின் முனை உடலைப் பிடித்திருக்கிறது, முன் முனை ரேடியேட்டர் தாங்கியைப் பிடித்திருக்கிறது. ஒரு கால் ஆற்றிலும் ஒரு கால் சேற்றிலும்.

அந்த ரப்பர்கள் நசுங்கிப்போனால் சப்ஃபிரேமின் மூக்கு உடலைப் பொறுத்து இறங்கும். மூக்கு இறங்கினால் ஃபெண்டருக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி மேலே விரியும், கீழே சேரும், மடிப்புக் கோடு கதவின் கோட்டோடு சேராமல் முன்னால் சரிந்து ஓடும். 69இல் இது வேறு எந்த வருடத்தைவிடவும் கண்ணில் படும், ஏனென்றால் முன் சக்கர வளைவின் உச்சியிலிருந்து கிளம்பி ஃபெண்டரைத் தாண்டிக் கதவின் மேல் பின்னோக்கி ஓடுகிற அந்தக் கோடுதான் வண்டியின் முகவெட்டு. 67, 68இல் அந்தக் கோடு இப்படி இல்லை. அது கதவோரத்தில் ஒரு மில்லிமீட்டர் படியேறினாலும் ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும்.

ஆகவே ஃபெண்டரைத் திட்டுவதற்கு முன் ஆறு புஷ்களையும் மாற்றுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: சந்தையில் கிடைக்கும் அலுமினிய, பாலியூரித்தேன் புஷ்கள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. சில, வண்டியைத் தாழ்த்துவதற்காகவே வேண்டுமென்று குட்டையாகச் செய்தவை. பழையதைக் கழற்றும்போது எது எந்த உயரம் என்று குறித்து வைக்காவிட்டால், ஃபெண்டரின் அடிப்பகுதி ராக்கரோடு மோதும்போதுதான் தெரியவரும். சப்ஃபிரேமைத் திருப்பி ஏற்றும்போது அதிலும் உடலிலும் இருக்கும் சீரமைப்புத் துளைகள் வழியாக உருண்டைக் கம்பி ஒன்றை விட்டு இரண்டையும் நேர்பிடித்து, அப்புறம் போல்ட்டை முறுக்குங்கள். அதோடு விடாமல், மூலைவிட்டமாக நூல் பிடித்து அளந்தும் பாருங்கள்.

பிறகுதான் ஷிம். ஃபெண்டரின் போல்ட்டு இடங்களில் தொழிற்சாலையிலேயே சின்னச் சின்ன லாடத் தகடுகளைச் சொருகித்தான் அனுப்பினார்கள். உங்கள் வண்டியைப் பிரித்தபோது அவை கீழே விழுந்து குப்பையோடு போயிருக்கும். பரவாயில்லை, புதிதாகக் கிடைக்கும். கோடு முன்னால் சரிந்தால் ரேடியேட்டர் தாங்கிக்கு அடியில் ஷிம் வைத்து மூக்கைத் தூக்குங்கள். கதவோரத்தில் ஃபெண்டர் உள்ளே அமுங்கியிருந்தால் பின்முனைப் போல்ட்டுகளில் வையுங்கள். கோட்டைப் பார்க்க ஒரு மெல்லிய மாஸ்கிங் டேப்பைக் கோட்டின் மேலேயே ஃபெண்டரிலிருந்து கதவு வரை ஒரே இழுப்பாக ஒட்டி, பத்தடி தள்ளிக் குத்த வைத்து உட்கார்ந்து பாருங்கள். டேப் பொய் சொல்லாது.

பானெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின் மூலைகள் தூக்கி நின்றால் கீல் தேய்ந்திருக்கிறது, கனமான ஸ்பிரிங் அதை மேலே தள்ளுகிறது. முன்பக்க உயரத்துக்கு ரப்பர் தலை வைத்த திருகாணிகள் இருக்கின்றன. மீதி எல்லாம் பொறுமை.

பேனல் மட்டமான சரக்கா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இன்று கிடைக்கும் மறுஉற்பத்திப் பேனல்களில் பெரும்பாலானவை தைவானில் புது அச்சில் அடித்தவை. 69 கமேரோவுக்குப் பேனல் என்ன, முழு உடற்கூடே புதிதாக வாங்கலாம். தகட்டின் கனம் குறை சொல்ல முடியாதபடி இருக்கும். குறை வருவது மடிப்புகளில்: கூர்மையாக இருக்க வேண்டிய கோடு கொஞ்சம் மழுங்கி வரும், விளிம்பின் வளைவு ஒரு மில்லிமீட்டர் தடித்து வரும், பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அந்தச் செவுள் மாதிரிக் கீறல்கள் ஆழம் குறைந்து வரும். வெட்டி எடுத்த பழைய குவார்ட்டரை எறிந்திருந்தால் குப்பையிலிருந்து எடுத்து வாருங்கள். துரு தின்றது கீழ்ப்பகுதியைத்தான். மேல்பகுதியும் கதவோர விளிம்பும்தான் உங்களுக்கு மூல ஓலை. அட்டையை வெட்டி அதன் வளைவை எடுத்துப் புதுப் பேனலில் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் நேரான பிறகும் விளிம்பில் ஓரிடத்தில் இடைவெளி அகலமாக நின்றால், அங்கே பட்டியைப் பூசி விளிம்பை வளர்க்கக் கூடாது. கதவு இரண்டு முறை அறைந்து சாத்தினால் சில்லு பெயரும். அந்த விளிம்பு நெடுக மெல்லிய வெல்டிங் கம்பியை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பிடித்து, பிறகு அரத்தால் இழைத்து நேராக்குங்கள். நெருக்கமாக இருந்தால் கொஞ்சம் ராவலாம், ஆனால் மடித்த விளிம்பைக் கிரைண்டரால் தின்றுவிட்டால் வெளித் தகடும் உள் தகடும் பிரிந்து நிற்கும். அப்போது பிரிந்த இடத்தை வெல்டு பிடித்துச் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? நான் வைப்பது ஒன்றரை நூல், சுமார் 4.8 மில்லிமீட்டர். ஒன்றரை நூல் விட்டமுள்ள டிரில் பிட்டின் தண்டை எடுத்து இடைவெளி நெடுக ஓட்டினால் அளவுகோலே தேவையில்லை. வெறும் தகட்டில் இதைவிட நெருக்கமாக வைத்துப் பெருமைப்படாதீர்கள்: பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து இரண்டு விளிம்பிலும் ஏறும்போது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் காணாமல் போகும். ஒன்று சொல்லட்டுமா, 1969 மாடலில் 2,43,085 கமேரோக்கள் ஒஹையோவின் நார்வுட்டிலும் கலிபோர்னியாவின் வான் நைஸிலும் ஓடிக்கொண்டே இருக்கும் வரிசையில் செய்யப்பட்டவை. எந்தக் கதவும் இன்று கார் ஷோவில் நிற்பவற்றைப் போல் சீராக வந்ததில்லை. அந்த மேட்டுப் பள்ளத்தை அப்படியே வைக்க வேண்டும் என்று வாதாடுகிற அசல் பித்தர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வண்டி என்னுடையது, கண்ணும் என்னுடையது.

இனி வெல்டு. நீங்கள் வாங்கியது முழு குவார்ட்டரா, வெளித்தோல் மட்டுமா என்று சொல்லவில்லை. முழு குவார்ட்டர் என்றால் தொழிற்சாலை மூட்டுகளிலேயே சேரும். மேலே கூரையோடு சேரும் மூட்டில் ஈயம் பூசியிருக்கும், அதை உருக்கி எடுக்க வேண்டும். அந்த ஈயத்தைச் சாண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போகும். சூடாக்கித் துடைத்தெடுங்கள், மீதியை அரத்தால் ராவுங்கள், முகமூடி கட்டாயம். வினைல் கூரை போட்ட வண்டி என்றால் பின் கண்ணாடியின் அடியோரத்தையும் குத்திப் பாருங்கள், வினைலுக்கு அடியில் தண்ணீர் தங்கி அங்கேதான் தின்னும்.

வெளித்தோல் என்றால், பக்கவாட்டில் நீளமாக, இரண்டு தகட்டின் விளிம்பையும் முட்டவைத்துச் சேர்க்கும் ஒரு முட்டு வெல்டு வரும். அங்கேதான் மனிதர்கள் தகட்டைக் கெடுக்கிறார்கள்.

என் நண்பருடைய செவெலில் நான் கெடுத்ததைச் சொல்கிறேன். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மிக் வெல்டரில் (கம்பியைத் தானே ஊட்டும் வெல்டர்) புள்ளி புள்ளியாகத்தான் வைத்துக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் அவசரத்தில் இரண்டு அங்குலம் ஒரே ஓட்டமாக இழுத்துவிட்டேன். ஆறியதும் வெல்டு ஓடிய கோட்டில் ஒரு வாய்க்கால், மேலும் கீழும் இரண்டு தொப்பை. கட்டை விரலால் தொப்பையை அழுத்தினால் பால்பவுடர் டின் மூடி மாதிரி 'டப்' என்று உள்ளே போய், விட்டால் 'டப்' என்று வெளியே வந்தது. முதலில் தோன்றியது, தொப்பையில்தான் தகடு அதிகமாகிவிட்டது, அதைச் சூடாக்கிச் சுருக்கலாம் என்று. தப்பு. தொப்பையில் தகடு ஒரு துளியும் கூடவில்லை. உருகிய வெல்டு ஆறும்போது சுருங்கி, கோட்டின் நீளம் குறைந்துவிட்டது. தையலை இழுத்துக் கட்டினால் துணி இரண்டு பக்கமும் புடைக்குமே, அது மாதிரி. தையலைத் தளர்த்தினால் புடைப்பு தானாக அடங்கும்.

தளர்த்துவது இப்படி. வெல்டின் மேட்டை முதலில் தகட்டோடு கிட்டத்தட்ட மட்டமாகத் தேயுங்கள், இரண்டு பக்கமும். பின்னால் டாலியை, கைக்கு அடங்குகிற அந்தச் சின்ன அடைகல்லை, வெல்டுக்கு நேர் கீழே அழுத்திப் பிடியுங்கள். மேலிருந்து தட்டைத் தலைச் சுத்தியலால் வெல்டின் மேலேயே சின்னச் சின்ன அடி. அடி டாலியின் மேல் சரியாக விழுந்தால் 'டிங்' என்று மணிச்சத்தம் வரும். தவறி விழுந்தால் 'டொக்' என்று செத்த சத்தம். கண்ணைவிடக் காதை நம்பலாம். சுத்தியலுக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும் உலோகம் விரிந்து, இழந்த நீளம் திரும்பி வரும். கால் அங்குலம் கால் அங்குலமாக நகர்ந்து, நாலு அடிக்கு ஒருமுறை தொப்பையை அழுத்திப் பாருங்கள். அந்தச் செவெலில் சுமார் நாற்பது அடியில் 'டப்' சத்தம் நின்றது. ஐந்து அடி கூடுதலாக அடித்தால் வெல்டே மேடாகிவிடும், அதனால் நின்றதும் நிறுத்துங்கள். மிக் கம்பியின் வெல்டு கெட்டியானது, அடிக்குச் சீக்கிரம் மசியாது; டிக் வெல்டு (டங்ஸ்டன் முனையில் பொறி வைத்து, கம்பியைக் கையால் ஊட்டிப் பிடிப்பது) மிருதுவானது, சுத்தியலுக்கு அடங்கும். கையில் டிக் இருந்தால் அதையே எடுங்கள்.

டாலி நேர் கீழே இருந்தால் தகடு விரியும் என்பதை மறக்காதீர்கள். வெறும் சொட்டை எடுக்கும்போது விரிக்க வேண்டாம். அப்போது டாலியைப் பள்ளத்துக்குப் பின்னால் வைத்து, சுத்தியலைப் பக்கத்து மேட்டில் தட்ட வேண்டும். பள்ளம் எழும், மேடு இறங்கும், தகடு மெலியாது. உண்மையாகவே விரிந்துபோன தகட்டுக்குத்தான் சுருக்கும் வேலை: ஸ்டெயின்லெஸ் தட்டு ஒன்றைக் கிரைண்டரில் மாட்டி மேட்டின் மேல் ஓட்டினால், உரசும் இடம் மட்டும் சூடாகும், உடனே ஈரத்துணியால் ஒற்றினால் சுருங்கும். மேடுகளை மட்டும் தொடும் என்பதால் புதியவர்களுக்கு இது கேஸ் டார்ச்சைவிடப் பத்திரம்.

மேடு பள்ளத்தைக் கையால் படிக்கப் பழகுங்கள். மெல்லிய பருத்தித் துணியைக் கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து, விரல் நுனியை விட்டு முழு உள்ளங்கையையும் படியவைத்து, வண்டியின் நீளவாக்கில் ஒரு முழம் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். வெறும் கை தகட்டில் ஒட்டும்; துணி இருந்தால் வழுக்கும், அப்போதுதான் அலை தெரியும். அப்புறம் நீளமான அரத்தை லேசாக ஓட்டினால் மேடுகள் பளபளக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும்.

பட்டிக்கு நான் எதிரி இல்லை. இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுகிற அரை நூல் அலைக்கு அதுதான் வழி. ஒரு நூலுக்கு மேல் போகக் கூடாது, விளிம்பில் பூசக் கூடாது, ஈயம் இருந்த மூட்டில் ஈயம் ஒட்டுவதற்காகத் தடவிய ஃபிளக்ஸின் அமிலத்தைக் கழுவாமல் அதன் மேல் போடக் கூடாது.

மஸ்டாங் வைத்திருக்கும் இரண்டு பேர் இதே தொந்தரவைக் கேட்டார்கள். 60களின் மஸ்டாங்கில் சப்ஃபிரேம் புஷ் கதையே கிடையாது, முன்பக்கமும் உடலோடு வெல்டு ஆனது. அங்கே ஷாக் அப்சார்பரின் மேல் முனையைத் தாங்கும் ஷாக் டவர் இரண்டும் காலப்போக்கில் உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று நடுவே அளந்து பாருங்கள். செவெல் முழுச்சட்ட வண்டி, அதற்கு உடல் முழுவதற்கும் புஷ்ஷும் ஷிம்மும் உண்டு. கதவுக்குக் கீழே இருக்கும் புஷ்ஷில் ஒரு ஷிம் ஏற்றினால் கதவு நிலையே மாறும்.

உங்கள் வண்டிக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: ஸ்டிரைக்கரைக் கழற்றிக் கீல் ஆட்டம், ஃபெண்டரைக் கழற்றி முன் தூண் இடைவெளி மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, ராக்கரில் ஜாக்கி வைத்தால் மேல் இடைவெளி திறக்கிறதா, ரப்பர் இல்லாமல் கதவு எவ்வளவு துருத்துகிறது. இந்த நான்கு அளவையும் எழுதிப் போடுங்கள். ராக்கரைச் சுத்தியலால் தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றதைவிட எனக்கு அதுதான் கவலை.